ஓடும் பின்கட்டு

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு கன்னி மாதத்திலிருந்து கரமனையில் சுப்பையர் வீட்டின் பின்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்கட்டு நின்ற இடத்தில் நின்றது. நடுவிலிருந்த முற்றத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் பின்கட்டும் ஓட்டுக்கூரையோடு அடக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். கூரைமேல் காக்கை கத்தும், பூசணிக்கொடி படரும். நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தால்தான் விஷயம் தெரியும். தரை அதிரும். மாடத்தில் வைத்த விளக்கு நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வரும். ஜன்னலில் தென்காசி வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அந்த வருஷம் கரமனையில் பேசப்பட்டவற்றில் இது மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வந்தது. தேங்காய் விலை விழுந்ததும், ஆற்றுப்பாலத்தருகே புதிதாகத் திறந்த காப்பி கிளப்பில் சாம்பாரில் வெங்காயம் போடுகிறார்கள் என்பதும் அதைவிடப் பெரிய சமாசாரங்கள்.

அந்தப் பின்கட்டுக்குக் குடிவந்தவர்கள் பட்டாபிராமனும் அவன் மனைவி விஜயமும். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்தவர்கள், கல்யாணமாகி வருஷம் திரும்பாதவர்கள். பட்டாபிக்குத் திருவனந்தபுரத்தில் தபால் கச்சேரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வேலை என்று யாராவது சொன்னால் அவனே குறுக்கிட்டுத் திருத்துவான்: ஆக்டிங் வேலை. வேதமாணிக்கம் என்கிற நிரந்தர குமாஸ்தா மார்ச்சளிக்காகப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்த மைத்துனர் வீட்டுக்குக் காற்று மாற்றப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை அவர் நாற்காலி பட்டாபிக்கு. "ஒரு மாசம். மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களிடமெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், சொல்லிக்கொண்டே வந்தான். விஜயம் அதைக் காதில் வாங்கவில்லை. அடுப்பை எந்த மூலையில் வைப்பது, அரிசிப்பானை அதற்கு எந்தப் பக்கம் என்று அவள் மனசுக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தாயார் போய்விட்டாள், அண்ணா பர்மாவில், சித்தப்பா வீட்டில் மூலைக்கு மூலை ஒண்டி வளர்ந்த பெண் அவள். தனக்கென்று ஓர் அடுப்பு என்பது அவளுக்குச் சின்ன ஆசை இல்லை. ஆரியங்காவு குகையில் வண்டி நுழைந்து இருட்டியபோது சந்தோஷம் தாங்காமல் பட்டாபியின் கையைப் பிடித்தாள். அவன் யாராவது பார்க்கிறார்களா என்று அந்தக் கும்மிருட்டிலும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

சுப்பையர் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பிள்ளைகள் பம்பாய்ப் பக்கம் போய்விட்டதால் பின்கட்டு சும்மா கிடந்தது. வந்திறங்கிய அன்றே விஜயம் டிரங்குப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, தாயாருடைய வெண்கலப் பானையை எடுக்கப் போனாள். புதுவீடு புகுந்தால் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிந்தால்தான் குடிவந்ததாகக் கணக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பட்டாபி பதறிப்போய்க் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினான்.

"தாற்காலிகமா வந்த எடத்துல யாராவது பால் காய்ச்சுவாளா? இதுவே போறும்னு நம்மளே பகவான்கிட்டே சொல்லிக்கறாப்பல ஆயிடும். கன்ஃபர்ம் ஆகட்டும். தனியா நல்ல ஆத்தைப் பார்த்து, ஜாம்ஜாம்னு காய்ச்சலாம்" என்றான்.

விஜயம் சுப்பையரின் மனைவி பகவதியம்மாளைப் பார்த்தாள். பெரிய சரீரமும் அதைவிடப் பெரிய ஆசாரமும் உள்ள அந்த மாமிக்கு வேறு கவலை இருந்தது. "ஒரு ஆத்துல ரெண்டு அடுப்பு எரிஞ்சா பாகம் பிரிஞ்சதாக்கும் அர்த்தம். நான் உசிரோட இருக்கறச்சே அது வேண்டா, கேட்டியோ? என் சமையல் முடிஞ்சப்பறம் நீ அதே அடுப்புல பண்ணிக்கோ. சாரமில்லே, அதுல தோஷமொண்ணும் இல்லே" என்றாள். ஆக, பால் காய்ச்சவில்லை. வலதுகால் எடுத்து வைத்து, கட்டிய பெட்டியோடும் சுருட்டிய படுக்கையோடும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு விளக்கு நகர்ந்தது.

ரயிலில் வந்த அலுப்பு, தலை சுற்றுகிறது, இரண்டு நாளில் சரியாகும் என்றான் பட்டாபி. இரண்டு நாள் கழித்து ஜன்னலில் செங்கோட்டை வந்தது. சுப்பையர் வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே ஜன்னலைக் கொஞ்சநேரம் பார்த்தார். புளியோதரைக்கு உப்புப் போதுமா என்று பார்க்கிற முகத்தோடு சொன்னார்: "பால் காய்ச்சலையோல்லியோ, அதாக்கும். நீங்க வந்து சேர்ந்தது ஆத்துக்குத் தெரியலை. வண்டி இன்னும் நிக்கலை." அதோடு அவர் ஜபத்துக்கு நேரமாகிவிட்டது.

அப்படித்தான் அது ஓடியது. ரயில்வேக்காரர்களின் அட்டவணையை அது மதிக்கவில்லை. சில நாள் விடிந்ததும் புனலூர் வரும், சில நாள் மத்தியானம். ஆனால் வரிசை மாறாது. தென்காசி, செங்கோட்டை, குகை, பதின்மூன்று கண் பாலம், புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம், வர்க்கலை, கழக்கூட்டம், பேட்டை. பேட்டைக்கு அடுத்தது திருவனந்தபுரம்தான். எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொள்கிற நேரம். அங்கேதான் ஜன்னல் ஒரு கண் சிமிட்டும். பார்த்தால் மறுபடி திருநெல்வேலி, தாமிரபரணிப் பாலம். முதல் சில மாதங்கள் விஜயம் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

தெரு ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தாவின் மாமியார் தென்காசி வருகிற நேரம் கேட்டுக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்காருவாள். குற்றாலத்துச் சாரலில் முகம் நனைந்ததும் 'வரேண்டி' என்று எழுந்து போய்விடுவாள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். ஒரு சுற்று கூடவே உட்கார்ந்து போய்விட்டு, ஏறிய ஸ்டேஷனும் இறங்கும் ஸ்டேஷனும் தெரிந்தால்தான் டிக்கெட் கேட்க முடியும், இவர்கள் விஷயத்தில் பாதிதான் தெரிகிறது என்று தீர்ப்புச் சொல்லி, காப்பியைப் புகழ்ந்துவிட்டுப் போனார். வீட்டுவரி கேட்க வந்தவர் இதை வீடு என்பதா வண்டி என்பதா என்று மேலே கேட்டிருந்தார். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே கேட்டார்கள்.

பட்டாபிக்கு இது பிடித்துப்போனது. இதைச் சொல்லத்தான் வேண்டும். பொன்முடியில் வேதமாணிக்கத்தின் சளி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் லீவு நீண்டது. பட்டாபியின் ஆக்டிங்கும் நீண்டது. ஒன்று, இரண்டு, நாலு வருஷம் போயிற்று. காலையில் ஓடுகிற அறையிலிருந்து முற்றத்துக்கு வலதுகாலை முன்வைத்துக் குதித்து இறங்குவான். சாயங்காலம் நாலடி ஓடி வந்து தாவி ஏறுவான். அதில் ஒரு ஒய்யாரமே வந்துவிட்டது. ஆபீசில் யாராவது நீர் எங்கே குடியிருக்கிறீர் என்று கேட்டால், இன்னும் எங்கேயும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் மற்றவர்களைக் காட்டிலும் தனக்கு ஏதோ கூடுதலாக வரப்போகிறது என்கிற களை இருக்கும். கூட உட்கார்ந்தவர்கள் நிலம் வாங்கினார்கள், சண்டை போட்டார்கள், வழுக்கையானார்கள். இவன் படுக்கையைச் சுருட்டியே வைத்திருந்தான்.

விஜயம் என்ன செய்வாள்? வாசலில் போட்ட கோலம் இருக்கும், பின்கட்டில் போட்ட கோலம் அதிர்ந்து அதிர்ந்து மாவாகப் போய்விடும். உறியில் எதையும் தொங்கவிட முடியாது. பகவதியம்மாளின் சமையல் முடிந்து, அடுப்பு அவள் கைக்கு வருவதற்குள் வெயில் முற்றத்தைத் தாண்டிவிடும். சமைத்ததை ஏந்திக்கொண்டு ஓடுகிற அறைக்குள் தாவ வேண்டும். ரசம் பாதி வழியிலேயே போகும். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஊர்ப்பட்ட பெண்கள் புருஷன் நகை வாங்கித் தரவில்லை என்று அழுவார்கள். தனக்கு இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அழுகிற கதி யாருக்காவது வந்திருக்குமா? கேட்டால் பட்டாபி, "இன்னும் கொஞ்சம்தான் விஜயம்" என்பான். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில், கோயில்கள் எல்லோருக்கும் திறந்த வருஷத்தில், அவள் முழுகாமல் இருந்தாள்.

பார்க்க வந்த மருத்துவச்சி ராஜபாய் நாகர்கோவில்காரி. கிறிஸ்தவ வேதக்காரி. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பிள்ளைகளை எடுத்தவள். நிலைப்படியில் ஒரு காலும் முற்றத்தில் ஒரு காலுமாக நின்று பின்கட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்மா, இந்த ஆட்டத்துல நான் பிள்ளை எடுக்க மாட்டேன் கேட்டியா. கை நிக்காண்டாமா? சரி, எடுத்துட்டேன்னே வையி. பிள்ளை பொறந்த ஊரு எதுன்னு கேட்டா என்ன சொல்லுவே? புனலூரா, ஆரியங்காவா?"

விஜயத்துக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் போய்த் தைத்தது. சித்தப்பா வீட்டில் தன்னை எந்த ஊர்ப் பெண் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றவள் அவள். அன்று சாயங்காலமே பட்டாபியிடம் கேட்டாள்: "ஏன்னா, பால் காய்ச்சிடலாமா?" அவன் தலையைத் தடவிக்கொண்டே, கச்சேரியில் பேச்சு அடிபடுகிறது, இந்தத் தடவை வேதமாணிக்கம் வரமாட்டார் போலிருக்கிறது, இந்த நேரத்தில் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்காதே என்றான். வழியில் பிறந்த பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

அடுப்புக்கு வழி ஆசாரத்திலேயே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. தீட்டுக்காரிக்கு வெந்நீரும் மருந்தும் பத்தியமும் முன்கட்டு அடுப்பில் வைத்தால் பகவதியம்மாளின் மடி என்னாவது? மாமி இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தாள். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு பாவமா, தீட்டு அடுப்பேறுவது பாவமா? மூன்றாம் நாள் தானே மண் குழைத்து வந்து நிலைப்படியருகில் வைத்தாள். "பின்கட்டுல ஒரு அடுப்பு போட்டுக்கோ. தாற்காலிகமாக்கும். தீட்டுக் கழிஞ்சு புண்யாஹவாசனம் ஆன அன்னிக்கே இடிச்சுடணும், கேட்டியோ?" என்றாள். தாற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டு விஜயம் சிரித்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அடுப்பு காய்ந்த அன்று பட்டாபி கச்சேரிக்குப் போனதும் அவள் டிரங்குப் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வெண்கலப் பானைக்கு மஞ்சள் கட்டி, பால் ஊற்றி, ஜன்னலில் கொல்லம் வரும்வரை காத்திருந்து தீ மூட்டினாள். புகை வாடையடித்து பகவதியம்மாள் முற்றத்தைத் தாண்டி ஓடிவந்தாள். பானையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தடுப்பதா கைகொடுப்பதா என்று அவள் முடிவு செய்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எங்கேடி இருக்கு வண்டி?"

"வர்க்கலை தாண்டிடுத்து மாமி."

"அடிப்பாவி! பால் இப்பமே முனங்கறதே. கழக்கூட்டத்துல பொங்கிட்டா அங்கேயே கெடக்க வேண்டியதுதான் ஜன்மத்துக்கும். இழு வெறகை!"

இத்தனை வருஷமாக அந்தப் படியைத் தாண்டாத பகவதியம்மாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடுகிற அறைக்குள் ஒரே தாவாகத் தாவினாள். அறை ஒருதரம் குலுங்கியது. இருவரும் விறகை இழுத்தார்கள். பால் அடங்கியது. கழக்கூட்டம் போனது. இப்போது தீ அணைகிற மாதிரி ஆயிற்று. விஜயம் ஊதினாள், வயிறும் மூச்சும் முட்டிக்கொண்டு வந்தது. மாமி காய்ந்த தேங்காய்ச் சிரட்டையையும் தென்னம்பாளைக் கொதும்பையும் அள்ளித் திணித்தாள். "ஊது, ஊது! பேட்டை வந்தாச்சு, ஊதுடி என் பொண்ணே!" பேட்டை ஸ்டேஷனின் விளக்குக் கம்பங்கள் ஜன்னலில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பால் நுரைத்து எழும்பி விளிம்பைத் தொட்டு நின்றது. விஜயம் கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பு சுர்ரென்றது. மாமி குலவையிட்டாள். தரை மெல்ல மெல்ல அடங்கி, ஒரு குலுங்கு குலுங்கி, நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஜன்னலில் கொல்லைத் தென்னைமரமும் கொடியில் உலர்கிற மாமியின் ஒன்பது கஜமும். விஜயம் மாமியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மாமி மடி போயிற்று என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவினாள்.

சாயங்காலம் பட்டாபி வழக்கம்போல நாலடி ஓடி வந்து தாவினான். அறை நின்றிருந்தபடியால் எதிர்ச்சுவர் வரை போய் விழுந்தான். விஜயம் பதறி எழுந்து, எடுத்து வைத்திருந்த பாலை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் எழுந்தான், தூணைப் பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொண்டு ஆடினான். அறை ஆடவில்லை. அவன் மட்டும் ஆடினான்.

"நின்னுடுத்துன்னா. வந்துட்டோம். இதைக் குடிங்கோ, ஆத்துக்குத் தெரியட்டும்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவளுக்கு அங்கே தென்னைமரம் தெரிந்தது. "குகை வரப்போறது" என்றான். டம்ளரைப் பார்த்தான், கை நீட்டவில்லை. "கன்ஃபர்ம் ஆகட்டும் விஜயம். குடிக்கறேன். குடிக்க மாட்டேன்னு சொன்னேனா?"

அன்றிலிருந்து ஒரே அறையில் விஜயம் குடியிருந்தாள், பட்டாபி பயணம் செய்தான். பெண் பிறந்தது, ராஜபாய் கை நடுங்காமல் எடுத்தாள், ஊர் கரமனை, பெயர் கோமதி. தீட்டுக் கழிந்தபின் தாற்காலிக அடுப்பை இடிக்கவேண்டும் என்பது பகவதியம்மாளுக்கு மறந்துபோயிற்று, ஞாபகப்படுத்த யாரும் முன்வரவில்லை. குழந்தைக்கு அப்பா மடி என்றால் ரயில், தாலாட்டே வேண்டாம். அம்மா மடி என்றால் தரை. இரண்டும் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அது நினைத்துக்கொண்டது.

பொங்கிய பாலில் மிஞ்சியதை விஜயம் உறைகுத்தி வைத்திருந்தாள். அந்தத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு உறை; அதிலிருந்து அதற்கு மறுநாள். முதல் பால் அந்த வீட்டில் தீரவேயில்லை. பட்டாபிக்கு இது தெரியும். ஆகையால் அவன் வீட்டில் தயிர் சாப்பிடுவதை விட்டான். திருநெல்வேலிப் பிராமணன் ஒருவன் தினமும் ரசம் சாதத்தோடு எழுந்து கை கழுவினான். மோருக்காக ஆற்றுப்பாலத்தருகே இருந்த அந்த வெங்காய காப்பி கிளப்புக்குத் திருட்டுத்தனமாகப் போனான். தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்து, அவன் பின்கட்டில் ஆடுவதைவிட இதுதான் வெட்கக்கேடு என்று பேசிக்கொண்டார்கள்.

ஆயிரத்து நூற்றுப் பதினைந்தில் வேதமாணிக்கம் ராஜிநாமா கொடுத்தார். ஒரு மாதம் காற்று மாற்றப் போன மனிதர் பொன்முடித் தோட்டத்திலேயே கணக்கராகி, கல்லாற்றுப் பக்கம் வீடு கட்டி, மாடும் வாங்கிவிட்டாராம். பட்டாபி கன்ஃபர்ம் ஆனான். விஜயம் அன்று கோமதிக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலைவாழை இலை போட்டு, பாயசம் வடையெல்லாம் பரிமாறி, கடைசியில் கெட்டித் தயிரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள். பட்டாபி இலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இறங்கிட்டா அப்பறம் எங்கே போறது, விஜயம்?" என்றான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை வருஷமும் வேலையைச் சாக்காகச் சொன்ன மனுஷன் அல்ல இது, பயந்த மனுஷன். வந்து சேர்ந்துவிட்டால் இவ்வளவுதான் என்று ஆகிவிடுமே என்று பயந்த மனுஷன். அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, தன்மேல் அதைவிடப் பாவமாக இருந்தது. கரண்டித் தயிரைக் கோமதியின் இலையில் போட்டாள்.

அடுத்த கும்ப மாதம் ஜனத்தொகைக் கணக்கெடுக்க சுவாமிதாஸ் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். முன்கட்டை எழுதிவிட்டுப் பின்கட்டுக்கு வந்தார். விஜயம் பரிமாறிக்கொண்டிருந்தாள். பட்டாபி சம்மணமிட்டு, லேசாக ஆடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றார் சுவாமிதாஸ்.

"வந்துண்டிருக்கார்" என்றாள் விஜயம்.

சுவாமிதாஸ் பட்டாபியின் பக்கம் திரும்பினார். "எதுவரைக்கும் வந்தாச்சு ஐயா?"

"கொட்டாரக்கரை" என்றான் பட்டாபி, வாயிலிருந்த சாதத்தை விழுங்கிவிட்டு.

"அப்ப சரி. வழியில இருக்கவங்கள இறங்குற எடத்துலதான் எண்ணணும், சட்டம் அப்படித்தான்" என்று சொல்லி, தாயும் மகளும் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கொட்டாரக்கரை தாண்டி ஒரு வளைவு உண்டு. பட்டாபியின் இலை சரிய ஆரம்பித்தது. எச்சில் பார்த்தால் நடக்குமா? விஜயம் இடதுகையால் அவன் இலையை நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் ரசம் ஊற்றினாள்.